ஆறாவது குண்டூசி

ஜெசிந்தா தன் கையால் தைத்த முதல் பொம்மை அது. ஃபெல்ட் துணியில் ஒரு முயல். ஒரு காது நெட்டை, ஒரு காது குட்டை. பஞ்சடைத்து வயிற்றை மூடிய பிறகுதான், துணி நகராமலிருக்கக் குத்திய ஆறு குண்டூசிகளில் ஒன்று குறைவதைப் பார்த்தாள். இரண்டு நாள் தையலை மளமளவென்று பிரித்தாள்.

“கல்லறைத் திருநாளும் அதுவுமா என்ன பண்ற? பாப்பாவுக்குப் பூ வைக்கப் போக வேணாமா?” என்றான் லூர்து.

“இருங்க. ஊசி உள்ள இருந்தா பாப்பாவுக்குக் குத்திரும்.”

அவன் மெழுகுவர்த்திகளையும் பூவையும் கீழே வைத்துவிட்டு அவளெதிரே உட்கார்ந்தான். பஞ்சைக் கொத்துக் கொத்தாகப் பிய்த்து, உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தான். எதுவும் குத்தவில்லை. அடுத்த கொத்தை இன்னும் பலமாக அழுத்தினான்.