சாட்டியில் வென்ற பல்சில்லு

"அண்ணை, சாட்டிக் கடற்கரை மணல் ரேசிலை இவன் பறக்கக்கூடாது. வேகத்தைக் குறைச்சு விடுங்கோ," என்று மகன் வசீகரனுக்குத் தெரியாமல் மெக்கானிக் சர்வேஸ்வரனிடம் கெஞ்சினாள் அஜந்தா.

அவர் மோட்டார் சைக்கிளில் சங்கிலி ஓடும் பின் பல்சில்லைக் கழற்றிப் பெரியதொன்றைப் பூட்டினார். சறுக்காதிருக்க முன் ஷொக் அப்சோபரையும் இளக்கினார்.

"இனி எண்பதைத் தாண்ட ஏலாது, தங்கச்சி."

அந்த நிம்மதியோடுதான் அவள் கடற்கரைக்கு வந்தாள். வசீகரனோ வளைவுக்கு வளைவு ஒவ்வொருவராக முந்தி முதலாவதாக வந்தான்.

"ஏமாத்திப் போட்டியள், அண்ணை!" என்று அங்கே நின்ற சர்வேஸ்வரனிடம் பாய்ந்தாள் அஜந்தா.

"இல்லைப் பிள்ளை, சொன்னபடி குறைச்சனான். இந்தக் குட்டிப் பாதையிலை ஆராலும் அறுபதைத் தாண்ட ஏலாது. வளைவாலை கெதியா இழுத்தெடுக்கிறது பெரிய சில்லுதான்."

"அதை ஏன் முதலே சொல்லேல்லை?"

சர்வேஸ்வரன் தலையைச் சொறிந்தார்.

"நீங்கள் வாறதுக்கு முதல்நாள் வசீகரன் வந்து, வெல்லுறமாதிரிச் செய்து தரச்சொல்லிக் கேட்டவன். ரெண்டு பேருக்கும் ஒரே சில்லுதான் தேவைப்பட்டது!"