கூரையிலிருந்து தெரிவது

மணிக்கு இருநூற்றெண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, பக்கத்தில் வண்டி இல்லை என்று இன்னொருவர் சொன்னதை நம்பி நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பியிருக்கிறீர்களா?

பதினேழு திருப்பியிருக்கிறான். ஒன்பது வருஷமாக அவனுடைய இடது முழங்கால் மடங்குவதில்லை.

பதினேழு என்பது அவன் கார் கதவில் எழுதியிருந்த எண். கார் காயலான் கடைக்குப் போய்விட்டது. எண் மட்டும் அவனோடு ஒட்டிக்கொண்டது.

வட்டத் தடத்தில் ஓடும் ஸ்டாக் கார் பந்தயத்தில் ஓட்டுகிறவன் தலையைத் திருப்ப முடியாது. ஹெல்மெட்டோடு சேர்த்து வாரால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். அரங்கத்தின் கூரைமேல் ஒருவர் நின்று, பார்த்துப் பார்த்துக் காதில் சொல்வார். பக்கத்தில் வண்டி இருந்தால் இருக்கிறது என்பார். இல்லையென்றால் "கிளியர்" என்பார். ஓட்டுகிறவனுக்கு அவர்தான் கண்.

பதினேழுக்குக் கண்ணாக இருந்தது அவனுடைய சொந்த அண்ணன்.

அன்றைக்கு மூன்றாம் வளைவில் அண்ணன் "கிளியர்" என்றார். இவன் வளைவின் உள்பக்கம், கீழ்ப் பாதைக்கு இறங்கினான். அங்கே ஒரு நீலக் கார் இருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "சத்தியமா எனக்கு அந்த வண்டி தெரியலடா."

"பட்டப்பகல்ல அவ்ளோ பெரிய வண்டி தெரியலையா? தூங்கிட்டேன்னு சொல்லிட்டுப் போயேன்."

விசாரணையிலும் பதினேழு அதையேதான் சொன்னான். அதற்குப் பிறகு அண்ணனை யாரும் கூரையேற விடவில்லை. இப்போது மார்க்கெட் வாசலில், வண்டி நிறுத்துகிற இடத்தில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார். பந்தயத் தடத்தையும் இடித்துக் கிடங்கு கட்டிவிட்டார்கள்.

அந்தத் தடம்தான் இன்றைக்கு இவன் மேசைமேல், திரைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் வரப்போகும் கேம். அந்த நாளின் பந்தயத்தை அச்சு அசலாகக் கட்டியிருக்கிறார்களாம். அசல் மாதிரி இருக்கிறதா என்று அங்கே ஓட்டியவன் பார்த்துச் சொல்ல வேண்டும். மொத்தம் நாற்பது கேள்விகள்.

காலையில் உட்கார்ந்தவன் மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை. இரண்டாம் வளைவில் தார் ஒட்டுப்போட்ட இடம் வந்ததும் ஸ்டீயரிங் கையில் உதறியது. பன்னிரண்டாம் சுற்றில் டயர் சூடேறி வண்டியின் பின்பக்கம் வழுக்கியது. "அடப்பாவிகளா," என்று வாய்விட்டுச் சிரித்தான். எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண்.

முப்பத்தொன்றாவது கேள்வியை மட்டும் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தான். கூரையில் நிற்பவருக்குத் தடம் சரியாகத் தெரிகிறதா?

அண்ணன் மகள் அப்பாவுக்குத் தெரியாமல் இவனோடு பேசுகிறவள். காலையில்தான் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "சித்தப்பா, உங்க கேம் வந்ததும் அப்பாதான் முதல் ஆளா வாங்குவாராம். ஓட்டுறதுக்கு இல்லையாம். கூரையில ஏறி நின்னு, ஏன் தெரியலன்னு ஒரே ஒரு தடவை பாக்கணுமாம்."

பார்க்கட்டும், கண் குளிரப் பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இவன் பொத்தானை அழுத்திக் கூரைக்கு ஏறினான்.

தடம் முழுக்க உள்ளங்கையில் வைத்த மாதிரி விரிந்தது. கார்கள் மூன்றாம் வளைவுக்கு வந்தன. மேல் பாதையில் பதினேழாம் எண். கீழ்ப் பாதையில் யாருமில்லை.

யாருமில்லை.

பிறகு ஒரு நீலக் கார் இருந்தது.

 பதினேழு பின்னுக்கு ஓட்டி மறுபடி பார்த்தான். ஐந்தாறு முறை பார்த்தான். நீலக் கார் அங்கேதான் வருகிறது என்று தெரிந்தே பார்த்தான். ஏழாவது முறை, அந்த இடம் வந்தபோது, அவன் வாயே சொல்லிவிட்டது.

"கிளியர்."

தன் குரலைக் கேட்டு அவனே திடுக்கிட்டான்.

ஓட்டத்தை நிறுத்திப் படத்தைப் பெரிதாக்கினான். வளைவுக்கு உள்பக்கம், புல்வெளியில் ஒரு விளம்பரப் பலகை. மேல் பாதையை அது தொடவில்லை. கீழ்ப் பாதையை மட்டும் அரை விநாடி விழுங்கிவிட்டுத் துப்பியது. பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நட்ட பலகை. விபத்துக்கு மறுநாளே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பலகையில் ஒருவன் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தான். அன்றைக்கு வைத்திருந்த மீசையோடு, பதினேழுதான்.

பத்தடி போதாது, கடைசி வரிசைக்கும் என் முகம் தெரிய வேண்டும், பதினாறடி வையுங்கள் என்று விளம்பரம் கொடுத்த எண்ணெய்க் கம்பெனிக்காரர்களிடம் சண்டை போட்டு வாங்கிய பலகை.

கேம் கம்பெனிப் பெண்ணுக்குப் போன் போட்டான்.  மூன்றாம் வளைவுப் பலகையின் உயரம் சரியா என்று மட்டும் கேட்டான்.

"அன்னிக்கு எடுத்த போட்டோவை வச்சு அளந்தது சார், இஞ்ச் பிசகாது. ஏன் சார், மறைக்குதா? மறைக்குதுன்னா எழுதிக் குடுங்க, தூக்கிடலாம். உங்க வார்த்தைதான் சார் எங்களுக்கு."

பதினேழு போனை வைத்தான். அண்ணன் மகளின் குரலை இன்னொரு முறை கேட்டான். பிறகு முப்பத்தொன்றாவது கேள்விக்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் திருத்திய கேம் வந்தது. புல்வெளியில் பலகை இல்லை. கூரையிலிருந்து பார்த்தால் மூன்றாம் வளைவு முழுக்கத் தெரிந்தது.