நோயில்லாத ரத்தம்

மூளை ரத்தத்தில் உதிர்த்துவிடும் எக்சோசோம் என்ற நுண்பைகளைப் பிரித்து, அல்சைமர் இருக்கிறதா என்று சொல்லும் ஆய்வகம் அது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தம் வேண்டுமென்று, தொடங்கிய நாளிலேயே டாக்டர் திலகவதி தன் கையை நீட்டியிருந்தாள். ஆறு வருடமாக, ரத்தம் அவளுடையதைப் போலிருந்தவர்களெல்லாம் நோயில்லை என்று கேட்டு நிம்மதியாக வீடு போனார்கள். இன்று, நோயில்லாதது என்று உறுதிசெய்து வெளியிலிருந்து அனுப்பிய புது ரத்தத்தோடு தன்னுடையதையும் வைத்துப் பார்த்தபோது, அவளுடைய நுண்பைகளில்தான் நோயின் புரதம் மண்டிக் கிடந்தது. கையுறை வியர்வையில் ஒட்டிக்கொண்டு கழலவே மாட்டேனென்றது. உதவியாளர் அந்தோணி பேனாவோடு வந்து ஒரு வரைபடத்தை நீட்டினார். "வெளியே உக்காந்திருக்காரே, அவரோடது. அப்படியே உங்க கோடு மாதிரியே இருக்கு மேடம். நார்மல்னு சொல்லிடவா?" கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அந்தப் பெரியவர், அந்தோணியின் முகத்தைப் பார்த்து அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தார்.