மூணாவது தடவையும் ஃபெயில்

"மண்டையில மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா உனக்கு? ஒரே பாடத்துல மூணு தடவை ஃபெயில்."

நாரின் நகரத்து ஆங்கில வகுப்பு. பாடம் முடிந்து எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் மருமகள் மெரிமின் விடைத்தாளை மேஜைமேல் விசிறியடித்தாள் சபீரா.

மெரிம் தலை குனிந்து நின்றாள். வாசலில் மாமனார்.

டீச்சர் பெர்மெத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்விட்டுக் கேட்டால் எல்லாம் சரியாகச் சொல்கிற பெண். பேனாவைப் பிடித்தால் மட்டும் எண்ண முடியாத சொல்லுக்கெல்லாம் பன்மை போட்டுவிடுவாள். அட்வைசஸ், ஃபர்னிச்சர்ஸ், பிரெட்ஸ். இப்படி ஒரு மாமியார் வாய்த்தால் யாருக்குத்தான் கை ஒழுங்காக எழுதும்?

"சர்டிஃபிகேட் வாங்குற வரைக்கும்தான் வகுப்புன்னு சொல்லித்தான் அனுப்பினேன் டீச்சர்," என்றார் மாமனார். "சட்டுபுட்டுன்னு பாஸ் ஆனா வீட்டோட இருப்பா. அங்க ஒத்தாசைக்கு ஆளில்ல."

மூவரும் போனார்கள்.

பாவம், இந்த ஏச்சாவது நிற்கட்டும் என்று பெர்மெத் பழைய மார்க்கை அடித்துவிட்டு 'பாஸ்' என்று போட்டாள்.

கதவு திறந்தது. சபீரா மட்டும்.

"கையுறையை வச்சிட்டுப் போயிட்டேன்," என்று வெளியே கேட்கும்படி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். விடைத்தாளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க டீச்சர். அதை அடிச்சிடுங்க."

"ஏம்மா, நீங்கதானே..."

"விருந்தாளி வராத நாளே கிடையாது எங்க வீட்டுல. கடைசி ஆளு எழுந்து போற வரைக்கும் மருமகதான் டீ ஊத்திக்கிட்டே இருக்கணும். வாரத்துல மூணு சாயங்காலம் இங்க வந்துதான் அவ நிம்மதியா உட்கார்றா. பாஸ் ஆகிட்டா அதுவும் போச்சு."



"அப்புறம் ஏன் அந்தத் திட்டு திட்டினீங்க?"

"அவரு காதுல விழ வேண்டாமா?"

"சரிம்மா. ஆனா அவ நிஜமாவே தப்பாத்தானே எழுதுறா. நாலாவது தடவையும் இப்படியே எழுதினா நான் என்ன பண்றது?"

சபீரா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"கண்டிப்பா எழுதுவா. நான்தானே எழுதச் சொல்றேன். இருபத்தெட்டு வருஷமா அந்த வீட்டுல உட்காராம டீ ஊத்தினவ நான்."