இடது பக்கத்துக் குழி

கம்பெனி தரும் கீபோர்டு ஒரு வாரம் நம் கையோடு பழகும். பிறகு, வலிக்காத உருவத்துக்குத் தானே மாறிக்கொள்ளும். தர்ஷினியின் கீபோர்டும் மாறியிருந்தது. எழுத்துகள் எல்லாம் வலது பக்கம் ஒதுங்கியிருந்தன. இடது பக்கம் வழவழவென்று காலியாக இருந்தது, நடுவில் ஒரு குழியோடு.

வீட்டிலிருந்து வேலை செய்தாலும், வேலை நேரத்தில் பிள்ளை மடியில் இருக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. வாரம் முழுக்கக் கைக்குழந்தை அகிலை இடது கையில் அணைத்துக்கொண்டு அவள் ஒற்றைக் கையால் தட்டியதை, இந்தச் சனியன் அப்படியே போட்டுக் கொடுத்துவிட்டது.

பொள்ளாச்சி கிளையிலிருந்து கீபோர்டைச் சரிபார்க்க வீட்டுக்கு வந்த நாச்சிமுத்து குழியைத் தடவிப் பார்த்தார்.

"இதென்னங்க?"

"மணிக்கட்டு வெக்கிறதுக்குங்க."

"மணிக்கட்டு இத்தனை உருண்டையாவா இருக்கும்?"

உள்ளறையில் அகில் வீறிட்டான். தர்ஷினி அசையாமல் நின்றாள்.

"போய்த் தூக்கிட்டு வாங்க," என்றார் அவர்.

தூக்கி வந்து பழக்கத்தில் மேஜை முன் உட்கார்ந்துவிட்டாள். மடியில் இருந்தபடியே அகில் முன்னால் சாய்ந்து, குழியில் தலையை வைத்துக் கண்ணை மூடினான். அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது.

நாச்சிமுத்து தன் கருவியில் 'சரியாகப் பொருந்துகிறது' என்று பதிந்தார்.

"மாத்தச் சொல்ல மாட்டீங்களாங்க?"

"சொன்னா எம்பொண்ணு என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டாளுங்க. அவளும் நம்ம கம்பெனிதானுங்க, அவளுக்கு ரெட்டைப் புள்ளைங்க. ரெண்டு பக்கமும் குழி, எழுத்தெல்லாம் நடுவுல ஒரு சாண் எடத்துல நிக்குது."