வாடைக்காற்றின் ராஜ்ஜியம்

மலைமேல் ஒரு பழைய வீடு. அதன் மரத்தரைக்கு அடியிலிருந்த வெற்றிடத்தில் வாடைக்காற்றுதான் ராஜா. பலகை இடுக்குகளில் ஏறி எல்லோர் காலையும் கடிக்கும். வீட்டார் ஜமுக்காளத்துக்கு மேல் ஜமுக்காளம் விரித்தார்கள்.

"இன்னும் நாலு விரிக்கச் சொல்லு!" என்று காற்று பலகையிடம் சிரித்தது.

"வர்றது கீழேயிருந்து, மூடுறது மேலேயா?" என்று கடுப்பில் பலகை ஓர் ஆணியைத் துப்பியது. ஆணியடிக்க வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், குளிர் கீழேயிருந்து வருவது புரிந்தது. பலகைகளைப் பெயர்த்து, அவற்றைத் தாங்கும் உத்தரங்களுக்கு நடுவே வலை கட்டி, ஆட்டுக்கம்பளியை நிரப்பி மூடினார்கள்.

காற்று முட்டி முட்டித் தோற்றது. "அப்படியே நான் வந்துபோற அடிச்சுவர் ஓட்டையையும் அடைச்சுடேன்!" என்று கம்பளியிடம் கத்தியது.

"ஐயோ, கூடாது ராஜா! நீங்க கீழே ஓடினாத்தான் பலகையில ஈரம் தங்காது" என்றது கம்பளி.

ஜமுக்காளங்கள் கொடிக்குப் போயின. வெறும் பலகையில் பூனை மல்லாந்து படுத்தது. அடியில் ராஜா சாமரம் வீசிக்கொண்டிருந்தார்.