பச்சைக் குண்டூசி

மாலையில் அமைச்சர் வந்து உயர்கல்வித் திட்டத்தை வெளியிடப் போகிறார். அதற்குள் சுவரை அடைத்துத் தொங்கும் நாட்டு வரைபடத்தில் கல்லூரிக்கொன்றாகப் பச்சைத் தலைக் குண்டூசி குத்தியாக வேண்டும். நாற்காலி மேல் நிற்கும் துணை இயக்குநர் ஊசி டப்பாவை ஆட்டிப் பார்க்கிறாள், சத்தமே இல்லை. நேற்று அறிவித்த புதுப் பல்கலைக்கழகத்துக்கு ஊசி இல்லை. அதற்கு இன்னும் நிலமே இல்லை என்பது வேறு கதை. ஏசிக் காற்றில் வரைபடத்தின் ஓரம் படபடக்கிறது. கீழே தேநீர்க் கோப்பையோடு நிற்கும் செயலாளர் மோவாயால் காட்டுகிறார். "அந்த மலையடிவாரக் காலேஜ்ல இருக்கிறதைப் புடுங்கி இங்க குத்துங்கம்மா. அங்கதான் வாத்தியாரே கிடையாதே." "ஒருத்தன் இருக்கான் சார். என் தம்பி. வருஷக்கணக்கா தற்காலிகம்தான். இயற்பியலும் அவன்தான், கணக்கும் அவன்தான், பெல் அடிக்கிறதும் அவன்தான்." செயலாளர் நல்ல நகைச்சுவை கேட்டவர்போல் சிரிக்கிறார். "ஒரு ஆளுக்கு எதுக்கும்மா ஒரு ஊசி?" காலையில்தான் தம்பி போனில் கேட்டான்: "இந்தத் தடவையாவது எங்க காலேஜ் திட்டத்துல இருக்காக்கா?" "இருக்குடா, என் கையாலதான் குத்தினேன்" என்று சொல்லியிருந்தாள். அதே கையால் இப்போது நெம்புகிறாள். ஆழமாகக் குத்தியிருக்கிறாள் போலும், வர மறுக்கிறது. வந்ததும் அந்த இடத்திலிருந்து துளி சுண்ணாம்புப் பொடி உதிர்ந்து அவள் புறங்கையில் விழுகிறது. ஓட்டையைக் கட்டைவிரலால் தேய்க்கிறாள், மூடவில்லை. செயலாளர் அமைச்சரின் நாற்காலிவரை பின்னால் நடந்துபோய், அதில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். "விடுங்கம்மா, இங்கேருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியல."